வீட்டைக் காட்டத் தெரியாத பையன்

மரபணு சாட்சி: வரலாற்றுத் தொடர், பகுதி 7

சென்ற வாரம் இங்கிலாந்தில், லெஸ்டர் நகருக்குப் பக்கத்துக் கிராமத்தில் கதையை நிறுத்தியிருந்தோம். பதினைந்து வயதுச் சிறுமிகள் இருவர் மூன்றாண்டு இடைவெளியில் கொல்லப்பட்டிருந்தார்கள். ரிச்சர்ட் பக்லண்ட் என்ற 17 வயதுப் பையன் இரண்டாவது கொலையைத் தான்தான் செய்ததாகக் காவலர்களிடம் ஒப்புக்கொண்டுவிட்டான். முதல் கொலையும் அவன் வேலைதானா என்று தெரிந்துகொள்ளத்தான் காவல் துறை, டி.என்.ஏ. சோதனையைக் கண்டுபிடித்த அலெக் ஜெஃப்ரிஸின் ஆய்வகக் கதவைத் தட்டியது.

ஆய்வகம் சொன்னது வேறு. இரண்டும் ஒரே ஆள் செய்த கொலை. அந்த ஆள் பக்லண்ட் இல்லை. 1986 நவம்பரில் பையன் வீட்டுக்குப் போனான். டி.என்.ஏ. சோதனை குற்ற வழக்கில் நுழைந்து செய்த முதல் காரியமே, ஒப்புக்கொண்ட ஒருவனை விடுவித்ததுதான்.

இந்த வாரமும் ஒரு 17 வயதுப் பையன். இவனும் ஒப்புக்கொண்டான். இவனுடைய டி.என்.ஏ.வும் பொருந்தவில்லை. இவன் வீட்டுக்குப் போக 21 ஆண்டுகள் ஆயின.

*

நியூசிலாந்தின் ஆக்லாந்து மாநகரில், தெற்குப் பக்கத்தில் பாப்பாடொய்டொய் என்ற பகுதி இருக்கிறது. மாவோரி மொழிப் பெயர். இன்றைக்கு அங்கே புடவைக் கடையும் நம் ஊர் மளிகைக் கடையும் வரிசையாக இருக்கின்றன. ஆக்லாந்தில் உறவினர் இருக்கும் வாசகர்களுக்குப் பெயர் பழக்கமாக இருக்கலாம். நாம் பார்க்கப்போவது 1992-ஆம் ஆண்டின் பாப்பாடொய்டொய்.

மார்ச் 23, திங்கட்கிழமை. சூசன் பர்டெட்டுக்கு வயது 39. கணக்கு எழுதும் வேலை. தனியாக வாழ்ந்துவந்தார். அன்று மாலை பவுலிங் விளையாடிவிட்டு வீடு திரும்பினார்.

இரண்டு நாள் கழித்துத்தான் அவரைக் கண்டெடுத்தார்கள். படுக்கையறையில் பாலியல் வல்லுறவுக்கு ஆளாக்கி, தலையில் அடித்துக் கொன்றிருந்தார்கள். பயத்துக்குத் துணையாக அவர் வீட்டில் வைத்திருந்த சாஃப்ட்பால் மட்டை படுக்கையிலேயே கிடந்தது. கால்கள் இரண்டும் கட்டிலின் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கின.

அந்தக் கால்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொலைகாரன் ஒரு தடயத்தை விட்டுப் போயிருந்தான். விந்து. லெஸ்டர் வழக்கு முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்ததால், அது யாருடையது என்று சோதிக்கும் வழி நியூசிலாந்துக்கும் வந்திருந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டுமே! நாட்டில் அப்போது டி.என்.ஏ. வங்கி கிடையாது. மாதங்கள் போயின. துப்புக் கொடுப்பவருக்கு 20,000 டாலர் பரிசு என்று காவல் துறை அறிவித்தது. ஓராண்டு ஓடிவிட்டது.

*

1993 மார்ச். டெய்னா போரா என்ற மாவோரிப் பையனைக் காவலர்கள் கைது செய்தார்கள். கொலைக்காக இல்லை, கார் திருட்டு வழக்குகளில் நிலுவையில் இருந்த வாரண்ட்டுக்காக.

போரா ஒட்டாரா பகுதியைச் சேர்ந்தவன். சின்ன வயதிலேயே தாயை இழந்தவன். பள்ளியில் நிலைக்கவில்லை. ‘மங்ரல் மாப்’ என்ற ரவுடிக் கூட்டத்தின் ஓரத்தில் திரிந்தவன். அதற்குள் ஒரு குழந்தைக்கு அப்பாவும் ஆகியிருந்தான். கார் திருடுவது அவனுக்குத் தொழில் என்றே சொல்லலாம். ஆளைக் கொன்றவன் என்று சொல்ல எதுவும் இல்லை.

பர்டெட் கொலை பற்றிப் பேச்சு வந்தது. பரிசுத் தொகை பற்றியும் பேச்சு வந்தது. கொலையை நேரடியாகச் செய்யாதவர் சாட்சி சொன்னால் அவர்மேல் வழக்கு வராமல் போகலாம் என்ற பேச்சும் வந்தது. பையன் தனக்கு விஷயம் தெரியும் என்றான்.

நான்கு நாட்கள். எல்லாம் சேர்த்துச் சுமார் 14 மணி நேர விசாரணை. பக்கத்தில் வழக்கறிஞர் இல்லை.

அவன் சொன்ன கதை நாளுக்கு நாள் வளர்ந்ததைப் பாருங்கள். முதலில், கூட்டத்துக்காரர்கள் இரண்டு பேரை அந்த வீட்டுக்குக் காரில் கொண்டுபோய் விட்டதாகச் சொன்னான். பிறகு வெளியே காவல் நின்றதாகச் சொன்னான். பிறகு வீட்டுக்குள் போனதாகச் சொன்னான். கடைசியில், அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டதாகச் சொன்னான். ஒவ்வொரு படியிலும் அவன் கொலைக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தான். பரிசுக்கு நெருங்கி வருவதாகத்தான் அவன் எண்ணியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. உண்மையில் அவன் நெருங்கிக்கொண்டிருந்தது ஆயுள் தண்டனையை.

இந்த வழக்கின் முக்கியமான கட்டம் இனிமேல்தான் வருகிறது.

காவலர்கள் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு பாப்பாடொய்டொய்க்குப் போனார்கள். வீட்டைக் காட்டச் சொன்னார்கள். அவனுக்குத் தெருவே தெரியவில்லை. தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வீடு தெரியவில்லை. கடைசியில் வீட்டை அவர்கள்தான் அவனுக்குக் காட்ட வேண்டியிருந்தது.

கொல்லப்பட்ட பெண்ணின் தோற்றத்தைக் கேட்டார்கள். அவன் சொன்ன அடையாளம் சூசன் பர்டெட்டுக்குப் பொருந்தவில்லை.

கார் திருடும் பையனுக்குத் தெருக்கள்தான் பிழைப்பு. எந்தச் சந்தில் எந்தக் கார் நிற்கும் என்று தெரிந்து வைத்திருப்பவன். ஒரு கொலை நடந்த வீட்டுக்குள் போய், ஒரு பெண்ணின் கைகளைப் பிடித்திருந்தவன், ஒரே ஆண்டில் அந்தத் தெருவையே மறப்பானா? விசாரித்தவர்கள் இந்தக் கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொண்டு அங்கேயே வண்டியைத் திருப்பியிருந்தால், இந்த வாரத் தொடருக்கு வேலையே இருந்திருக்காது.

அவன்மேல் கொலை வழக்குப் போட்டார்கள்.

*

டி.என்.ஏ. சோதனையில் ஒரு விஷயத்தை நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இந்த வாரம் அது மிகவும் தேவைப்படுவதால் திரும்பவும் சொல்கிறேன்.

இரண்டு மாதிரிகள் பொருந்தினால், ‘இவர்தான்’ என்று ஆய்வகம் சொல்வதில்லை. இவ்வளவு பொருத்தம் வேறொருவரிடம் தற்செயலாக அமைவது எத்தனை அரிது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஆனால் பொருந்தாவிட்டால் அந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. மாதிரி சுத்தமாக இருந்து, சோதனையும் சரியாக நடந்திருந்தால், ஒரே இடத்தில் மாறுபட்டாலும் போதும். அவர் இல்லை. ‘ஆம்’ என்பதைவிட ‘இல்லை’ என்பதை டி.என்.ஏ. உறுதியாகச் சொல்லும்.

போராவைப் பற்றி அது ‘இல்லை’ என்றது. 1994-ல் ஆக்லாந்து உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அரசுத் தரப்பும் மறுக்கவில்லை. பர்டெட்டின் உடலில் இருந்தது போராவின் விந்து இல்லை.

சரி, அப்படியானால் எப்படித் தண்டிப்பது? வழி இருந்தது. அவன்தான் கூட்டமாகப் போனதாக ஒப்புக்கொண்டிருக்கிறானே! விந்து கூட வந்த இன்னொருவனுடையதாக இருக்கும் என்றது அரசுத் தரப்பு.

லெஸ்டரில் டி.என்.ஏ. வாக்குமூலத்தைத் தூக்கி எறிந்தது. ஆக்லாந்தில் வாக்குமூலத்துக்குள் டி.என்.ஏ.வை மடித்து வைத்துவிட்டார்கள். அவன் பெயர் சொன்ன ஆட்களில் ஒருவர்கூடக் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. 1994 ஜூனில் ஜூரிகள் போராவைக் குற்றவாளி என்றார்கள். ஆயுள் தண்டனை.

*

இங்கே கொஞ்சம் நின்று நம் பக்கம் பார்க்க வேண்டும்.

காவல் துறை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று இந்தியச் சாட்சியச் சட்டம் 1872-லேயே எழுதிவைத்தது. இலங்கையின் சாட்சியச் சட்டத்திலும் அதே விதி உண்டு. வெள்ளைக்காரன் நம் மக்களை நம்பாமல் எழுதிய சட்டம் என்று நினைக்க வேண்டாம். அவன் நம்பாதது தன்னுடைய காவல் நிலையங்களை. அடைத்துவைத்த அறைக்குள் ஒருவன் சொல்வதற்கு என்ன மதிப்பு என்று அன்றைக்கே தெரிந்திருந்தது. நியூசிலாந்தில் அப்படி ஒரு தடை கிடையாது.

நம் நாடுகளிலும் அந்தக் கதவைத் திறந்துவிட்ட சட்டங்கள் பிறகு வந்தன. இங்கே தடா, இலங்கையில் 1979-ன் பயங்கரவாதத் தடைச் சட்டம். இரண்டுமே காவல் துறை உயரதிகாரி முன்னால் சொன்ன வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்றன. அதனால் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் எத்தனை ஆண்டுகள் சிறை வாசலில் நின்றன என்று இந்தத் தொடரைப் படிக்கும் பலருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில், பேட்டரி வாங்கிக் கொடுத்ததாகச் சிக்கிய பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த மத்தியப் புலனாய்வு அதிகாரி, பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக 2013-ல், ஓய்வு பெற்ற பிறகு வெளியே சொன்னார். பேரறிவாளன் விடுதலையானது 2022 மே மாதம். பத்தொன்பது வயதில் உள்ளே போனவர்.

ஆக்லாந்துப் பையனின் கதை நமக்கு அந்நியமான கதை இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

*

அதே ஊர். ஏறக்குறைய அதே நாட்கள்.

1992 அக்டோபரில் மேற்கு ஆக்லாந்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடத்திக்கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தான் ஒருவன். சிறுமி பக்கத்து வீட்டுக்காரரை அடையாளம் சொன்னாள். டேவிட் டவர்ட்டி. 1993-ல் அவருக்குத் தண்டனை விழுந்தது. டவர்ட்டி தொடக்கத்திலிருந்து கடைசிவரை தான் செய்யவில்லை என்றே சொன்னார். ஒருமுறைகூட வார்த்தை மாறவில்லை.

முதலில் செய்த டி.என்.ஏ. சோதனை தெளிவான விடை தரவில்லை. கிடைத்த மாதிரி மிகச் சொற்பம். பிறகு வந்த புதிய முறைகள் அந்தச் சொற்பத்திலிருந்தும் வாசிக்கக் கற்றுக்கொண்டன. ஆரி கெர்சன் என்ற மூலக்கூறு உயிரியலாளரும், டோனா சிஸம் என்ற பத்திரிகையாளரும், மரே கிப்சன் என்ற வழக்கறிஞரும் சேர்ந்து விடாமல் போராடினார்கள். சிறுமியின் உடையில் இருந்தது டவர்ட்டியினுடையது இல்லை. 1997-ல் மறுவிசாரணையில் விடுதலை. பிற்பாடு அதே டி.என்.ஏ. நிக்கலஸ் ரீகி என்பவனைக் காட்டிக்கொடுத்தது. 2003-ல் அவன் தண்டிக்கப்பட்டான்.

ஒரே நகரம். ஒரே உயர் நீதிமன்றம். ஒரே அறிவியல். டவர்ட்டியை வெளியே கொண்டுவந்த ‘இல்லை’, போராவைக் கொண்டுவரவில்லை. இரண்டு வழக்குக்கும் நடுவில் பல வித்தியாசங்கள் உண்டு. எனக்குப் பெரிதாகத் தெரிவது ஒன்றுதான். டவர்ட்டி ஒப்புக்கொள்ளவில்லை.

*

1995-ல் நியூசிலாந்து ஒரு சட்டம் கொண்டுவந்தது. குற்றவாளிகளின் இரத்த மாதிரியைச் சேகரிக்கலாம், டி.என்.ஏ. வங்கி அமைக்கலாம். இங்கிலாந்துக்கு அடுத்தபடியாக அப்படி ஒரு தேசிய வங்கியைத் தொடங்கிய நாடு இதுதான்.

1996 மே. தெற்கு ஆக்லாந்துப் பெண்களைப் பல ஆண்டுகளாக நடுங்கவைத்த ஒருவன் பிடிபட்டான். மால்கம் ரேவா. தனியாக இருக்கும் பெண்களாகப் பார்த்து, இரவில் வீடு புகுந்து தாக்குபவன். இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவனுடைய தாக்குதலுக்கு ஆளாகியிருந்தார்கள்.

அவனுடைய மாதிரியை ஆய்வகம் பழைய வழக்குகளோடு ஒப்பிட்டது.

பர்டெட் வழக்கின் விந்து பொருந்தியது.

அதுவரை ‘கூட வந்த இன்னொருவன்’ என்று மட்டும் சொல்லப்பட்டவனுக்கு இப்போது பெயரும் முகமும் கிடைத்துவிட்டன. வாக்குமூலத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் சிக்கல். போரா நான்கு நாள் பேசினான். எத்தனையோ பெயர் சொன்னான். ரேவா பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

ரேவா ‘ஹைவே 61’ என்ற மோட்டார் சைக்கிள் கூட்டத்தில் பதவியில் இருந்தவன். போரா ஒட்டித் திரிந்த மங்ரல் மாப் அதற்கு எதிரி முகாம். வயதிலும் இருபது ஆண்டுக்கும் மேல் இடைவெளி.

அதற்கும் மேலே, ரேவா எப்போதும் தனியாகவே போவான். அவனிடம் சிக்கிய பெண்கள் அத்தனை பேரும் சொன்னது ஒரே ஆளைப் பற்றி. அவனுடைய முறையும் மாறாதது. பெண்ணைப் படுக்கையின் விளிம்புக்கு இழுத்து, கால்கள் வெளியே இருக்கும்படி கிடத்துவான்.

நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்தக் கால்கள்.

*

இந்த இடத்தில் எந்த நாட்டுக் காவல் துறையும் செய்திருக்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு. போராவின் விசாரணையைப் பதிவு செய்த விடியோ நாடாக்களை எடுத்துப்போட்டு, முதலிலிருந்து பார்ப்பது. ஒரு நிமிடம் அந்தப் பையனை மறந்துவிட்டு, ரேவாவை மட்டும் வைத்து அந்த இரவைச் சொல்லிப் பார்ப்பது. எல்லாம் பொருந்தியிருக்கும்.

அவர்கள் பையனை விடவில்லை. ரேவாவையும் போராவையும் ஒரே வீட்டுக்குள் அனுப்பிவைத்தார்கள்.

1998-ல் ரேவா இரண்டு முறை விசாரணைக்கு நின்றான். பர்டெட்டை வல்லுறவு செய்த குற்றம் நிரூபணமானது. கொலைக் குற்றத்தில் இரண்டு முறையும் ஜூரிகளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. டி.என்.ஏ.வின் எல்லை இங்கே தெரிகிறது. விந்து யாருடையது என்று அது சொல்லும். எப்படி அங்கே வந்தது என்று சொல்லாது. தலையில் அடித்தவன் யார் என்றும் சொல்லாது. பர்டெட்டோடு தனக்கு ரகசிய உறவு இருந்தது என்று ரேவா கதை கட்டினான். கொலையை ஒப்புக்கொண்ட ஒருவன் ஏற்கெனவே சிறையில் இருக்கும்போது, ரேவாவுக்கு வேறென்ன வேண்டும்? ரேவாமேல் இருந்த கொலை வழக்கை அரசு அப்படியே நிறுத்திவைத்தது. போராவின் வாக்குமூலம் இப்போது உண்மைக் கொலைகாரனுக்குக் கேடயமாகிவிட்டது.

1999-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் போராவின் தண்டனையை ரத்து செய்தது. ரேவாவின் டி.என்.ஏ. புதிய சாட்சியம் என்பதால் மறுவிசாரணை.

ஆறு ஆண்டு உள்ளே இருந்துவிட்ட பையனுக்கு அந்த ஆண்டு எப்படி இருந்திருக்கும்? பக்லண்டுக்குத் திறந்த கதவு, டவர்ட்டிக்குத் திறந்த கதவு, தனக்கும் திறக்கப்போகிறது என்றுதானே நினைத்திருப்பான்.

2000-ஆம் ஆண்டு. மீண்டும் ஆக்லாந்து. மீண்டும் ஜூரிகள். போராவும் ரேவாவும் சேர்ந்தே போனார்கள் என்றது அரசுத் தரப்பு. இருவரும் பழக்கமானவர்கள் என்று காட்டச் சாட்சிகளை நிறுத்தியது. சாட்சி சொன்னவருக்குக் காவல் துறை பணம் கொடுத்திருந்தது பிற்பாடு வெளியே தெரிந்தது. ஆனால் ஜூரிகளை அசைத்தது அந்தச் சாட்சிகள் என்று நான் நினைக்கவில்லை. நீதிமன்றத்தில் ஓடிய பழைய விடியோ நாடாதான். 17 வயதுப் பையன் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தன் வாயாலேயே சொல்கிறான். அதைப் பார்த்த பிறகு ஆய்வகத் தாள் யார் கண்ணுக்குத் தெரியும்?

தீர்ப்பு: குற்றவாளி. இரண்டாவது முறை. மேல்முறையீடும் அதே ஆண்டு தள்ளுபடி ஆனது.

*

ஒன்பது ஆண்டுகள் போயின. டெய்னா போரா சிறைக்குள்ளேயே முப்பது வயதைத் தாண்டினான். வெளியே விட்டுவந்த கைக்குழந்தை பதின்வயதுப் பெண்ணாக வளர்ந்துவிட்டாள்.

2009-ல் ஒருவர் அவனைத் தேடி வந்தார். டிம் மெக்கினல். தெற்கு ஆக்லாந்தில் காவல் துறையில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டுத் தனியார் புலனாய்வாளராக ஆனவர். இந்த வழக்கில் ஏதோ சரியில்லை என்ற முணுமுணுப்பைக் காவல் துறைக்குள் இருந்தபோதே கேட்டவர். அவர் அந்த நாடாக்களைக் கேட்டு வாங்கி, உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார். அங்கே தொடங்கிய பயணம், நியூசிலாந்தின் பழைய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலில் போய் நின்றது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் கடைசியாக நம்பிப் போன அதே பிரிவி கவுன்சில்.

அங்கே நீதிபதிகள் முன்னால் டி.என்.ஏ.வைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. ‘இல்லை’ என்று அது 1994-லேயே சொல்லிவிட்டது. ‘இவன்’ என்று 1996-ல் ரேவாவைக் காட்டிவிட்டது. மெக்கினலும் அவரோடு சேர்ந்த வழக்கறிஞர்களும் விடை தேட வேண்டியிருந்தது வேறொரு கேள்விக்கு. அந்த விடை போரா பிறப்பதற்கு முன்பே, அவன் தாயின் வயிற்றில் இருந்த காலத்துக்கு அவர்களை அழைத்துக்கொண்டு போனது.

தெரு தெரியாது. வீடு தெரியாது. கொல்லப்பட்டவர் எப்படி இருப்பார் என்றுகூடத் தெரியாது. பிறகு எதற்காக அந்தப் பையன் நான்கு நாள் உட்கார்ந்து, செய்யாத கொலையைச் செய்ததாகச் சொன்னான்?

(அடுத்த வாரம்)